கண்ணுக்குக் கீழே கரையாத கட்டி

சம்பளம் கைக்கு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மீரியபெத்தையிலிருந்தும் அண்டைத் தோட்டங்களிலிருந்தும் இறங்கி வந்த ஜனக்கூட்டம் கொஸ்லந்தைக் கடைத்தெருவை நிறைத்து நிற்கிறது. அரிசியும் கோதுமை மாவும் கருவாடும் வாங்கி முடித்தவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்க, இளம்பெண்கள் மூவர் மாத்திரம் பென்சிக் கடையின் கண்ணாடி அலுமாரி ஓரமாக ஒதுங்கி, ஒரே கைத்தொலைபேசியின் மேல் மூன்று தலைகளையும் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரையில், கண்ணுக்குக் கீழே நிழல் படிந்து குழிவிழுந்த முகமொன்று தோன்றுகிறது. கையுறை அணிந்த விரல்கள் கன்னத்தை இழுத்துப் பிடிக்க, மெல்லிய ஊசி தோலினுள் வழுக்கிச் செல்கிறது. அடுத்த கணத்தில் குழியுமில்லை, நிழலுமில்லை, களைப்பின் சுவடே இல்லாத வதனம் ஒன்று புன்னகை பூக்கிறது. பக்கத்தில் சாக்குப்பையோடு நின்ற பெரியம்மா ஒருவர் எட்டிப் பார்க்கிறார்.

"என்னா ஊசி புள்ள அது? சீனி வருத்தக்காரங்களுக்குப் போடுறதா?"

"இல்ல பெரியம்மா, கண்ணுக்குக் கீழ குழி விழுந்தா இத போட்டுக்குவாங்களாம். அஞ்சு நிமிசத்துல சரியாகிருமாம்."

"சரியாகாட்டி?"

அந்தக் கேள்விக்கு அந்தக் காணொளியில் விடை இல்லை. அதைத் தயாரித்தவர்களுக்கு அக்கேள்வி தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் அதை மறைப்பதிலேதான் அவர்களுடைய வியாபாரத்தின் க்ஷேமம் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்தப் பெரியம்மாவின் கேள்வியையே இவ்வாரக் கட்டுரைக்கு விஷயமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு புகைப்படம் எழுப்பிய வாதம்

2021 ஏப்ரலில் தமிழ் ரசிகர்கள் எல்லோரும் கதைத்த ஒரு புகைப்படத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலாவது 'பிக் பாஸ்' தமிழ் நிகழ்ச்சியாலும், 2018இல் வெளிவந்த 'பியார் பிரேமா காதல்' திரைப்படத்தாலும் பிரசித்தி பெற்ற நடிகை ரைசா வில்சன், தம் ஒரு கண்ணின் கீழ்ப்பாகம் கன்றி வீங்கியிருந்த கோலத்தைத் தாமே சமூக வலைத்தளத்தில் வெளியிட்டு, சாதாரண முகச் சிகிச்சைக்காகச் சென்ற தமக்கு அவசியமற்ற வேறொரு சிகிச்சை வற்புறுத்திச் செய்யப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினார். சிகிச்சை செய்த தோல் மருத்துவரோ அதை முற்றாக மறுத்து, நடிகை குழியை நிரப்பும் இத்தகைய ஃபில்லர் ஊசியை முன்னரும் போட்டுக்கொண்டவர் என்றும், எல்லாம் சம்மதத்தின் பேரிலேயே நடந்தன என்றும், அந்த வீக்கம் சில நாட்களில் வடிந்துவிடும் இயல்பினது என்றும் விடையிறுத்தார். நஷ்டஈடு கோரும் வக்கீல் அறிவித்தல் வரையில் விவகாரம் வளர்ந்தது. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையல்ல. ஆனால், பெருநகரத்தில், தகுதி பெற்ற வைத்தியரிடத்தில், செல்வமும் செல்வாக்கும் உள்ள ஒருவர் பெற்ற சிகிச்சையிலேயே 'நான் எதற்குச் சம்மதித்தேன்' என்ற வாதம் எழுமானால், பெயர்ப்பலகை மட்டுமே தகுதியாகக் கொண்ட அழகு நிலையமொன்றில் ஊசிக்கு முகத்தைக் காட்டுபவரின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்பது நமது கடமை.

கன்றிய வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும். இங்கே நாம் பேச வந்தது வடியாததைப் பற்றி: ஊசி போட்டு மாதங்களோ வருஷங்களோ கழிந்த பின்னர், கீழிமையின் ஓரத்தில் பட்டாணி அளவிலோ, கயிறு திரித்தாற்போலவோ திரண்டு, சிரிக்கும்போது முன்னே தள்ளிக்கொண்டு வந்து, எதிரே நிற்பவரின் பார்வையைத் தன் மேலேயே இழுத்து வைத்துக்கொள்ளும் நிரந்தர ஃபில்லர் கட்டிகளைப் பற்றி.

முகம் மாறும், மருந்து மாறாது

ஃபில்லர் என்ற ஒரே நாமத்தின் கீழ் முற்றிலும் வேறான இரு வர்க்கங்கள் விற்கப்படுகின்றன. இந்தப் பேதம் தெரியாமல் ஊசிக்கு உட்பட்டவர்களே துன்பப்படுகிறவர்களில் மிகப் பலர். முதலாவது வர்க்கம் ஹையலுரோனிக் அமிலம். நம் சரீரத்திலேயே இயற்கையாக உள்ள அப்பொருளைச் சரீரமே நாளடைவில் கரைத்துவிடும். இடையில் விகாரம் நேர்ந்தாலும் ஹையலுரோனிடேஸ் என்னும் நொதியை ஊசியால் செலுத்தி அதைக் கரைத்துவிடலாம். இரண்டாவது வர்க்கந்தான் நிரந்தரமானது: திரவ சிலிக்கோன், பிஎம்எம்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அக்ரிலிக் நுண்மணிகள், நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பொலிஅக்ரிலமைட்டும் மீதி நீருமாக அமைந்த ஜெல். இவற்றைக் கரைக்கும் நொதி எதுவும் உலகத்தில் இல்லை. கரைக்கும் ஊசி போட்டால் போய்விடும் என்று யாரேனும் வாக்குறுதி தந்தால், அவர் எதைப் போட்டார் என்பதை அவரே அறியாதவர், அல்லது அறிந்தும் உண்மையை மறைப்பவர்.

பிஎம்எம்ஏ மணிகளின் விட்டம் 30 முதல் 50 மைக்ரோன். அந்நிய வஸ்துக்களை விழுங்கி அப்புறப்படுத்தும் நமது இரத்தத்தின் காவல் அணுக்களால் அத்தனை பருமனான மணியை விழுங்க இயலாது. விழுங்க இயலாததைச் சிறைவைப்பது சரீரத்தின் சுபாவம். ஒவ்வொரு மணியையும் சுற்றி நார்த்திசுவால் ஒரு வேலி எழுப்பப்படுகிறது. குழியை நிரப்பி நிற்பது மணிகள் மாத்திரமல்ல, அவற்றைச் சூழ்ந்து வளர்ந்த நம் சொந்த நார்த்திசுவும் சேர்ந்ததே. அந்த வேலி அளவோடு நின்றுவிட்டால் விக்கினமில்லை. காவல் அணுக்கள் பல ஒன்றுகூடி இராட்சத அணுக்களாகித் தொடர்ந்து போராடத் தொடங்கினால், கிரனுலோமா எனப்படும் கடினமான கட்டி திரள்கிறது. அது ஆறு மாதத்தில் வரலாம். பத்து வருஷத்திலும் வரலாம். பல்லில் சீழ் பிடித்தாலோ, கடும் ஜுரம் கண்டாலோ அதுவரை உறங்கிக் கிடந்தது விழித்தெழுவதும் உண்டு. 2020 டிசெம்பரில் மொடேர்னா தடுப்பூசியின் பரிசோதனை விவரங்கள் வெளியானபோது, முன்பு ஃபில்லர் போட்டிருந்த மூவருக்குத் தற்காலிக வீக்கம் கண்டதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. முகத்தினுள் இருக்கும் அந்நியப் பொருளைச் சரீரம் எளிதில் மறப்பதில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி. தடுப்பூசியை அஞ்சுவதற்கு அது காரணமாகாது.

கட்டியே திரளாவிட்டாலும் காலம் தன் வேலையைச் செய்கிறது. முப்பது வயதில் ஊசி போட்டவருக்கு ஐம்பதாவது வயதில் கன்னத்துக் கொழுப்பு வற்றி, எலும்பு பின்வாங்கி, இமைத்தோல் மெலிந்துவிடும். உள்ளே வைத்த பொருள் மாத்திரம் வைத்தபடியே இருக்கும். வெள்ளம் வற்றிய ஆற்றிலே பாறை தலைகாட்டுவது போல அது வெளியே தெரியத் தொடங்குகிறது. போட்ட அன்று கைதேர்ந்த நிபுணரே போட்டிருந்தாலும் இந்த விளைவை அவரால் தடுக்க முடியாது. முகம் மாறிக்கொண்டே இருப்பது. அதற்குள் மாறாத ஒன்றை வைப்பது அஸ்திவாரத்திலேயே உள்ள பிழை என்பதே இவ்விஷயத்தில் என் உறுதியான அபிப்பிராயம்.

பெட்டிச் செய்தி: நூற்றிருபது வருஷத்துப் பாடம்

• 1899: வியன்னா நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபர்ட் கெர்சுனி, உறுப்பின் வடிவத்தை மீட்பதற்காகப் பரஃபின் மெழுகை ஊசியால் செலுத்தினார். சில வருஷங்களுக்குள் அம்முறை முகச் சுருக்கங்களுக்கும் பரவியது. மெழுகுக் கட்டிகளும் கூடவே பரவின.

• 1903: பேரழகி எனப் புகழ் பெற்றிருந்த கிளாடிஸ் டீக்கன், மூக்கின் மேட்டைச் சீராக்கப் பரஃபின் ஏற்றிக்கொண்டார். பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகளான அவருடைய முகத்தில் அம்மெழுகு கீழே இறங்கித் தாடை வரையில் உருக்குலைத்தது. அவர் 1977இல் காலமானார்.

• இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஜப்பானிலும், 1960களில் அமெரிக்காவிலும் திரவ சிலிக்கோன் மோகம் பரவியது. விபரீதங்கள் பெருகவே நெவாடா மாநிலம் 1970களின் நடுவில் அதைச் சட்டத்தால் தடுத்தது.

• 2006: பொலிஅக்ரிலமைட் ஜெல் ஊசியைச் சீன அரசு தடைசெய்தது. அதே வருஷம் பிஎம்எம்ஏ ஃபில்லருக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்புக்கு மாத்திரமே அந்த அனுமதி, பின்னர் கன்னத்துப் பருத்தழும்புக்கும். கண்ணோரத்துக்கு இன்றளவும் அந்த அனுமதி இல்லை. கண்ணடிக் குழிக்கென்று அந்நாட்டில் 2022இல் அனுமதி பெற்றது கரையக்கூடிய ஹையலுரோனிக் அமில வகை.

• 2021 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது தண்டனைக்குரிய குற்றம்.

கண்ணோரத்தின் சுபாவம்

கன்னத்தில் புதைந்து மறையும் பொருள் கண்ணுக்குக் கீழே ஏன் மறைவதில்லை? சரீரத்தில் உள்ள தோல்களிலெல்லாம் மிக மெல்லியது இமைத்தோல். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அதன் கீழே, மறைப்பதற்குக் கொழுப்பே இல்லாமல், கண்ணை மூடித்திறக்கும் வட்டத் தசை நேரே படிந்திருக்கிறது. அந்தத் தசை விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாது இமைப்பதால், உள்ளே வைத்த பொருள் தள்ளுண்டு வைத்த இடம் விட்டு நகர்கிறது. அவ்விடத்தின் நிணநீர் வடிகாலும் பலவீனமானது. சிறு தடை நேர்ந்தால் போதும், காலையில் எழுந்தவுடன் கண்ணடியில் நீர்ப்பை தொங்குகிறது.

இன்னும் பயங்கரமானது இரத்தக் குழாய்களின் தொடர்பு. மூக்கோரத்திலும் புருவங்களின் இடையிலும் ஓடும் நுண்ணிய தமனிகள் கண்ணின் தமனியோடு இணைந்தவை. ஊசி முனை தவறிக் குழாயினுள் நுழைந்து, பொருள் பின்னோக்கித் தள்ளப்பட்டால், அது விழித்திரைக்குச் செல்லும் இரத்தத்தை அடைத்துவிடும். 2015இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, உலக மருத்துவ ஏடுகளில் அதுவரை பதிவாகியிருந்த அத்தகைய பார்வைக்கேடுகளை எண்ணி 98 என்று கணக்கிட்டது. கோடிக்கணக்கான ஊசிகளுக்கிடையே இது மிக அரிதானதே. ஆயினும் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

விசித்திரமான ஒரு செய்தி: நாம் பேசும் இதே வஸ்துக்கள் கண்ணுக்குள்ளே மகத்தான உபகாரம் செய்திருக்கின்றன. 1949இல் லண்டனில் ஹெரல்ட் ரிட்லி கண்புரை நோயாளிக்கு முதன்முதலாகப் பொருத்திய செயற்கை வில்லை பிஎம்எம்ஏயால் ஆனது. கழன்ற விழித்திரையை அதன் இடத்தில் தாங்கிப் பிடிக்கக் கண் வைத்தியர்கள் பயன்படுத்துவது சிலிக்கோன் எண்ணெய். தூய்மை உறுதிசெய்யப்பட்ட பொருள், அதற்குரிய இடம், பயின்ற கரம், பின்தொடர்ந்து பார்க்கும் வைத்தியசாலை ஆகிய நான்கும் கூடியதாலேதான் அது உபகாரமாயிற்று. இவற்றுள் எது குறைந்தாலும் அதே பொருள் அபாயமாகிவிடும்.

கட்டி வந்தபின் செய்ய வேண்டியது

இதை வாசிக்கிறவர்களில் ஒருவருக்கேனும் ஏற்கெனவே அந்தக் கட்டி இருக்கக்கூடும். வெளிநாட்டு வேலைக்குப் போன இடத்தில், கொழும்பு அழகு நிலையத்தில், கூட வேலை செய்யும் அக்கா காட்டிய வீட்டில் போட்டதாக இருக்கலாம். அவரை நோக்கி முதலில் சொல்ல வேண்டியது: இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அல்ல. அழகாக இருக்க விரும்புவது மனித இயல்பு. அந்த விருப்பத்தை வைத்து வியாபாரம் செய்தவருடைய அலட்சியத்துக்கு நீங்கள் வெட்கித் தலைகுனிய வேண்டியதில்லை. வெட்கத்தால் வைத்தியரிடம் போகாமல் ஒளிந்திருப்பதுதான் கட்டியை விடக் கேடு செய்கிறது.

இரண்டாவதாக, கையை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்து உருவுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, கண்ணாடி முன் நின்று விரலால் நசுக்கிப் பார்ப்பது, இவை யாவும் பொருளை இடம்பெயர்த்து வீக்கத்தை வளர்க்கும். போட்டவரிடமே திரும்பிப் போய், பக்கத்தில் இன்னும் கொஞ்சம் போட்டுச் சமப்படுத்தலாம் என்ற ஆலோசனைக்கு இணங்கினால், ஒரு கட்டி இரண்டாகும்.

மூன்றாவது காரியமே எல்லாவற்றிலும் முக்கியமானது: உள்ளே இருப்பது என்ன என்று கண்டறிவது. எந்த வருஷம், எந்த இடத்தில், என்ன பெயருள்ள மருந்து, எத்தனை முறை என்ற நான்கு விவரங்கள் கிடைத்தால் வைத்தியரின் வேலை பாதி முடிந்ததாகும். பெட்டியின் உறையும் தொகுதி இலக்க ஒட்டியும் கிடைத்தால் அதைவிட உத்தமம். கிடைக்காவிட்டால், அதிர்வெண் கூடிய அல்ட்ராசவுண்ட் கருவியால் தோலுக்கடியில் பொருள் எந்த ஆழத்தில், எந்த வடிவத்தில் கிடக்கிறது என்று பார்க்கலாம். சிலிக்கோன், ஜெல், ஹையலுரோனிக் அமிலம் ஒவ்வொன்றும் அத்திரையில் வெவ்வேறு விதமாகத் தோன்றும். சிலருக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். ஃபில்லரே காரணமல்லாத கட்டிகளும் கண்ணோரத்தில் வருவதுண்டு: இமையின் உள்மூலையில் மஞ்சளாகப் படியும் கொழுப்புத் தகடு, வியர்வைச் சுரப்பியின் சிறு முடிச்சுகள், கடுகளவு வெண்மணிகள். இவற்றைப் பிரித்தறிவதும் தோல் வைத்தியரின் பொறுப்பு. கொழுப்புத் தகடாக இருந்தால் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் அளவைப் பரிசோதிக்க வேண்டும். சிலரிடத்தில் அது இருதய நோய்க்கு முன்னறிவிப்பாகவும் அமைவதுண்டு.

பொருள் இன்னதென்று துணிந்த பின்னரே சிகிச்சை. சிவந்து, நொந்து, சுடும் கட்டியென்றால், பொருளின் மேல் படலமாகக் குடியேறிய கிருமிகளைச் சந்தேகித்து முதலில் பல வாரங்களுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுப்பார்கள். கிருமி இருக்கையில் ஸ்டெரொயிட் செலுத்தினால் தீ பரவுவதற்கு வழிவிட்டதாகும் என்பதால் இந்த முறைமை மாறக் கூடாது. வலியற்ற கடினக் கட்டியென்றால் டிரையாம்சினலோன் என்னும் ஸ்டெரொயிட்டைச் சொற்ப அளவில், பெரும்பாலும் 5-ஃப்ளூரோயுராசில் என்னும் மருந்தோடு சேர்த்து, கட்டியின் மையத்திலேயே, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் செலுத்துவார்கள். அவசரப்பட்டு அளவு கூட்டினால் அவ்விடத்துத் தோல் காகிதமாய் மெலிந்து, முன்னிருந்ததை விட ஆழமான குழி விழும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு வெளுத்த திட்டு ஒன்றும் மிஞ்சும். ஆகவே 'ஒரே ஊசியில் அமுக்கித் தருகிறேன்' என்பவரை விட 'நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும்' என்பவரே நம்பத் தகுந்தவர்.

மருந்துக்கு அடங்காததைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். கீழிமையின் உட்புறத்துச் செந்நிறச் சவ்வு வழியாகவோ, இமைமயிருக்குச் சற்றுக் கீழே கீறியோ, கண்ணிமைச் சத்திரசிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றவர் கட்டியைப் பிரித்தெடுப்பார். உறை சூழ்ந்து ஒரே உருண்டையாக இருப்பது நன்றாகக் கழன்று வரும். திரவ சிலிக்கோன் அப்படியல்ல. அது எண்ணெய் துணியில் ஊறியது போலத் தசையின் இழைதோறும் பரவியிருப்பதால், முழுவதையும் எடுப்பதென்றால் தசையையே எடுக்க வேண்டிவரும். அதிகமாகக் கீறினால் கீழிமை கீழே இழுபட்டு, கண் முழுதும் மூடாமல், நீர் வடிந்துகொண்டிருக்கும் நிலை வரலாம். எனவே நேர்மையான சத்திரசிகிச்சை நிபுணர் 'முழுக்க எடுத்துவிடுவேன்' என்று சொல்லமாட்டார். 'தெரிவதைக் குறைப்பேன்' என்பார். வலியோ வளர்ச்சியோ இல்லாத சிறு கட்டியை, வருஷம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தொடாமலே விட்டுவிடுவதும் சாஸ்திரோக்தமான சிகிச்சையே. அப்படிச் சொல்லும் வைத்தியர் உங்களைக் கைவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

பெட்டிச் செய்தி: ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாத அறிகுறிகள்

ஊசி போடும்போதோ போட்டவுடனேயோ கண்ணில் சடுதியான வலி, பார்வை மங்கல் அல்லது இருட்டு, இரட்டைப் பார்வை, கண் அசைக்க முடியாமை, தோல் வெளுத்துப் பின் வலை போன்ற நீலநிறம் படர்தல், பேச்சுக் குழறல். விழித்திரை இரத்தமின்றித் தாங்குவது அதிகபட்சம் 60 முதல் 90 நிமிடம் என்று கணிக்கப்படுகிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, கண் பிரிவுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போட்ட மருந்தின் உறையைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

மலையிலிருந்து வைத்தியசாலை வரையில்

மேலே சொன்ன தொண்ணூறு நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊவாவின் நிலப்படத்தைப் பாருங்கள். மீரியபெத்தையிலிருந்து கொஸ்லந்தைக்கு வந்து, பஸ் பிடித்து, பெரகலை ஏறி, ஹப்புத்தளை, பண்டாரவளை கடந்து பதுளை வைத்தியசாலையை அடைவதற்குள் ஒரு பகலின் பெரும்பாகம் கழிந்துவிடுகிறது. தேசிய கண் வைத்தியசாலையும், முகச் சீரமைப்புச் சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள தேசிய வைத்தியசாலையும் கொழும்பில் இருக்கின்றன. பதுளையிலிருந்து சுமார் 290 கிலோமீற்றர் ரயில் பாதை. நாலைந்து தடவை வரவேண்டும் என்று வைத்தியர் சொல்வது, 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட ஒரு தொழிலாளிப் பெண்ணின் காதில், அத்தனை நாட்பேரும் போகும் என்பதாகவே விழுகிறது. இவற்றோடு பாஷைத் தடையும் சேர்கிறது. முகத்தினுள் என்ன போடப்பட்டது என்ற சிக்கலான விவரத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல், துணைக்கு வந்த தம்பியை முன்னே விட்டுப் பின்னே நிற்கும் பெண்ணிடமிருந்து எந்த வைத்தியருக்கு முழு விருத்தாந்தம் கிடைக்கும்?

இங்கே மீரியபெத்தையின் பெயரை வெறும் ஊர்ப்பெயராகச் சொல்லிக் கடந்துபோக மனம் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மனிதரோடு மூடியது. அந்த இடத்தை விட்டு விலகும்படி 2005இலும் 2011இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. விலகிப் போய் இருப்பதற்கு ஒரு வீடுதான் கொடுக்கப்படவில்லை. மாற்றுவழி காட்டாத எச்சரிக்கை எத்தனை பயனற்றது என்பதை அந்தத் துயரத்தால் அறிந்த ஜனங்களிடம், 'ஊசி போடாதே' என்று மாத்திரம் எழுதிவிட்டு ஒதுங்குவது முறையாகாது. கண்ணடி இருண்டு குழிவிழும் பெண்ணுக்கு நாம் எதைக் காட்டுகிறோம்?

காட்டக்கூடியது உண்டு. நம் தோட்டப் பெண்களின் கண்ணடிக் கருமைக்கு ஃபில்லரால் நிவர்த்தியே இல்லாத காரணங்கள் பல. இரத்தசோகை நெடுங்காலமாக இங்கே குடியிருக்கிறது. முகம் வெளிறும்போது கண்ணடியின் இருள் மேலும் எடுத்துக்காட்டப்படுகிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, இரவு பதினொரு மணிக்குப் பாயில் சாய்பவரின் நித்திரைக் குறைவு முகத்தில் எழுதப்படாமல் போகாது. ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக் கசக்கித் தோல் தடித்துக் கறுப்பதும் உண்டு. தாயிடமிருந்து மகளுக்கு வரும் இயற்கை நிறமும் உண்டு. இந்த நிறக் கருமையை நிரப்பும் ஊசியால் மாற்ற முடியாது. மெல்லிய தோலின் கீழ் மேலாக விழுந்த ஜெல், நீலம் பாய்ந்து அதை அதிகமாக்குவதும் உண்டு. தோட்ட வைத்திய நிலையத்திலோ பிரதேச வைத்தியசாலையிலோ ஒரு துளி இரத்தம் பரிசோதித்து, குறைவு கண்டால் இரும்புச்சத்து மாத்திரை பெறுவதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. குழியே உண்மையான காரணமாக இருந்து, அதை நிரப்பியே தீரவேண்டும் என்ற விருப்பமும் வசதியும் இருந்தால், கரையக்கூடிய வகையை, கரைக்கும் நொதியை அறையிலேயே வைத்திருக்கும் வைத்தியரிடம் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

யாரைக் கேட்பது?

சட்டம் இல்லாமலில்லை. 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் பதிவு செய்கிறது. 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. இலங்கை மருத்துவ சபையில் பெயர் பதிந்தவரே வைத்தியர். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் சட்டத்தின் கரம் ஓர் அழகு நிலையத்தின் திரைக்குப் பின்னே எட்டுவது, அங்கே ஊசி ஏற்றப்படுகிறது என்று யாராவது சொன்னால்தான். பாதிக்கப்பட்டவர் வெட்கத்தால் மௌனமாயிருக்க, அடுத்தவர் அதே நாற்காலியில் அமர்கிறார்.

அரசிடம் நாம் கேட்பது பெரிதல்ல. பதுளை வைத்தியசாலையின் தோல் பிரிவிலும் கண் பிரிவிலும் தமிழில் விருத்தாந்தம் கேட்டெழுத ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். ஊவாவிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு, தோலையும் கண்ணையும் ஒரே நாளில் பார்த்துவிடத் தக்கதாகத் தவணை கொடுக்க வேண்டும். ஊசியால் செலுத்தும் எப்பொருளுக்கும் பெயரும் தொகுதி இலக்கமும் எழுதிய துண்டை நோயாளி கையில் கொடுப்பது கட்டாயம் என்று ஆக்க வேண்டும்.

வாசக சகோதரிகளே, உங்களைக் கேட்பது இவ்வளவே. ஊசிக்காகக் கட்டிலில் சாய்வதற்கு முன், போடுகிறவரின் மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தையும் மருந்தின் பெயரையும் கேளுங்கள். நிரந்தரமானது என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருப்பவர்கள், ஞாபகத்தில் உள்ள விவரத்தை எல்லாம் இன்றே ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். கட்டி தெரிகிறவர்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக் நடக்கும் நாளைக் கேட்டறிந்து போங்கள்; அங்கே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.